வாழ்க்கைத் தரத்தை அளத்தல்: இலங்கை, இந்தியா – ஓர் ஒப்பியல் நோக்கு

ஒரு நாட்டு மக்களின் வாழ்க்கை பிறிதொரு நாட்டு மக்களின் வாழ்க்கையிலும் மேலானதா, கீழானதா என்னும் வினா மிகப் பழைமையானது. கடல் கடந்து சென்று மீண்டவர் எவரும் அவ்வினாவிற்குத் தத்தம் அனுபவத்தால் ஒரு விடை கூறுவர். ஒருவர் அங்குள்ள அகன்ற வீதிகளைக் கண்டு வியப்பர். மற்றொருவர் அங்குள்ள வறியோரின் குடிசைகளைக் கண்டு மனம் வருந்துவர். இருவர் கூற்றும் பொய்யன்று. எனினும் இரண்டும் முழு உண்மையும் ஆகா. கண்டவை சிலவே, காணாதன பல. ஆகவே, இத்தகைய ஒப்பீட்டிற்குத் தனிமனித அனுபவத்திற்கு அப்பாற்பட்ட பொது அளவுகோல்கள் தேவையாகின்றன. அவ்வளவுகோல்கள் எவை, அவை எவ்வாறு இயங்குகின்றன, அவற்றால் அளக்கப்படாது விடுபடுவோர் யாவர் என்பவற்றை இலங்கையையும் இந்தியாவையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்விரு நாடுகளையும் நாம் தெரிந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு. இரண்டும் பிரித்தானிய ஆட்சியிலிருந்து ஓராண்டு இடைவெளிக்குள் விடுபட்டவை. இரண்டும் வறிய வேளாண்மை நாடுகளாகவே சுதந்திரம் பெற்றவை. மேலும், வாழ்க்கைத் தரம் பற்றிய ஆராய்ச்சியுலகில் இலங்கை நெடுங்காலமாக ஒரு விதிவிலக்கு எனப் பேசப்பட்டு வந்துள்ளது. அப்புகழின் தகுதியை ஆராய்தல் இந்நாட்டில் வாழும் எமக்குப் பொருத்தமான பணியேயாகும்.

வருமானம் என்னும் அளவுகோல்

நாடுகளை ஒப்பிடுவோர் முதலில் எடுத்துக்கொள்வது தலா வருமானமாகும். ஒரு நாட்டில் ஓராண்டில் உற்பத்தி செய்யப்பட்ட பொருள்கள், சேவைகள் ஆகியவற்றின் மொத்தப் பெறுமதியைக் குடித்தொகையால் வகுத்துப் பெறப்படும் எண் அது. தேசிய வருமானக் கணக்கீட்டிற்கு அடித்தளமிட்டோருள் முதன்மையானவரான சைமன் குஸ்நெற்ஸ், 1934ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்க நாட்டின் காங்கிரசிற்கு அளித்த அறிக்கையிலேயே, வருமானக் கணக்கிலிருந்து ஒரு நாட்டின் நலத்தை உய்த்துணர்தல் அரிது என எச்சரித்திருந்தார். அளவுகோலை ஆக்கியவரே அதன் எல்லையையும் சுட்டினார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அவ்வெல்லைகளை மூன்றாக வகுத்து நோக்கலாம். முதலாவது, நாணயமாற்றுச் சிக்கல். 2024ஆம் ஆண்டில் இலங்கையின் தலா வருமானம் 4,000 அமெரிக்க டொலருக்கு மேற்பட்டதாகவும், இந்தியாவினது 2,500 டொலருக்குச் சற்று மேற்பட்டதாகவும் கணக்கிடப்பட்டது. ஆனால் மக்கள் தம் தேவைகளை டொலர் கொண்டு நிறைவேற்றுவதில்லை. முடி திருத்துதல், பேருந்துப் பயணம், வீட்டு வாடகை போன்றவை நாடு கடந்து விற்கப்படாதவை. கூலி குறைந்த நாட்டில் அவற்றின் விலையும் குறைவு. இக்குறையை நீக்கவே கொள்வனவுச் சக்திச் சமநிலை என்னும் முறை வகுக்கப்பட்டது. ஒரே வகையான பொருட்கூடையை இரு நாடுகளிலும் வாங்க எவ்வளவு பணம் வேண்டும் என்பதை அறிந்து, அதற்கேற்ப வருமானத்தைத் திருத்துவது அம்முறை. இவ்வாறு திருத்தியபின் இலங்கைக்கும் இந்தியாவிற்கும் இடையிலான வருமான இடைவெளி குறுகுகின்றது.

இரண்டாவது, பங்கீட்டுச் சிக்கல். பத்துப் பேருள் ஒருவர் தொண்ணூறு ரூபாவும் ஏனைய ஒன்பதின்மர் சேர்ந்து பத்து ரூபாவும் பெற்றாலும் சராசரி பத்து ரூபாவே; ஒவ்வொருவரும் பத்து ரூபா பெற்றாலும் சராசரி அதுவே.

மூன்றாவது, விலையற்றவற்றின் சிக்கல். இலங்கையின் அரசாங்க மருத்துவமனையில் நோயாளி கட்டணம் செலுத்தாது சத்திர சிகிச்சை பெறுகின்றார். அச்சேவை தேசிய வருமானக் கணக்கில் அதற்கான அரச செலவினளவிலேயே இடம்பெறும். அது காத்த உயிரின் பெறுமதி அக்கணக்கில் இல்லை. இன்னொரு நாட்டில் அதே சிகிச்சைக்காக ஒரு குடும்பம் நிலத்தை விற்றுத் தனியார் மருத்துவமனைக்குப் பணம் செலுத்துமாயின், அப்பெருந்தொகை அந்நாட்டின் உற்பத்தியை உயர்த்திக் காட்டும். குடும்பம் கடனாளியாயிற்று, கணக்கோ வளர்ச்சி எனக் கூறும்.

பௌதிக வாழ்க்கைத் தரச் சுட்டெண்

இக்குறைபாடுகளை உணர்ந்த அறிஞர்கள், வருமானம் என்னும் கருவியை விடுத்து அதனால் எய்தப்பெறும் பயன்களை நேரே அளக்க முயன்றனர். அவற்றுள் புகழ்பெற்றது, மொறிஸ் டேவிட் மொறிஸ் என்பார் 1970களில் வகுத்து 1979இல் நூலாக வெளியிட்ட பௌதிக வாழ்க்கைத் தரச் சுட்டெண்ணாகும். சிசு மரண வீதம், ஒரு வயதில் எதிர்பார்க்கப்படும் ஆயுள், எழுத்தறிவு என்னும் மூன்றையும் அவர் எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றிற்கும் 0 முதல் 100 வரை புள்ளி வழங்கி, மூன்றின் சராசரியைக் கண்டார்.

இதன் செயன்முறையை ஒரு கணக்கால் விளக்கலாம். உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளுள் ஓராண்டு நிறைவதற்கு முன் இறப்போரின் தொகையே சிசு மரண வீதம். அக்காலத்தில் அறியப்பட்ட மிக மோசமான நிலையாகிய 229ஐச் சுழியப் புள்ளியாகவும், எய்தத்தக்க சிறந்த நிலையாகிய 7ஐ 100 புள்ளியாகவும் மொறிஸ் கொண்டார். எனவே இவ்வீதம் ஏறத்தாழ 2.2 குறையுந்தோறும் ஒரு புள்ளி கூடும். 1981இல் இலங்கையின் சிசு மரண வீதம் 29.5; இந்தியாவினது 110. இவ்வகையில் இலங்கை இக்கூறில் ஏறத்தாழ 90 புள்ளிகளும் இந்தியா ஏறத்தாழ 54 புள்ளிகளும் பெறும்.

மொறிஸ் தம் அட்டவணையை வெளியிட்டபோது இரு நாடுகளின் தலா வருமானமும் ஆண்டிற்கு 200 டொலருக்குக் குறைவானதாகவே காட்டப்பட்டிருந்தது. ஆயினும் மூன்று கூறுகளையும் சேர்த்து நோக்கியபோது இலங்கை 80 புள்ளிகளைத் தாண்டியது. இந்தியா 50ஐ எட்டவில்லை. வருமானத்தில் அண்மித்து நின்ற இரு நாடுகள் வாழ்விலும் சாவிலும் இத்துணை விலகி நின்றமை உலகின் கவனத்தை ஈர்த்தது.

ஈண்டு இரு விளக்கங்கள் வேண்டப்படும். ஆயுள் எதிர்பார்ப்பு என்பது பெரும்பாலானோர் இறக்கும் வயதன்று. 1940களில் இந்தியாவின் ஆயுள் எதிர்பார்ப்பு 32 ஆண்டுகள் எனக் கணக்கிடப்பட்டது. அக்காலத்து இந்தியர் எல்லோரும் முப்பத்திரண்டு வயதில் மாண்டனர் என்பது அதன் பொருளாகாது. பெருந்தொகையான குழந்தைகள் ஐந்து வயதிற்குள் இறந்தமையாலேயே சராசரி அவ்வாறு தாழ்ந்தது. குழந்தைப் பருவத்தைக் கடந்தோருட் பலர் முதுமை வரை வாழ்ந்தனர்.

எழுத்தறிவு வீதத்தைப் பயன்படுத்தும்போது எவ்வயதினர் கணக்கிற் கொள்ளப்பட்டனர் என்பதை முதலில் வினவுதல் வேண்டும். 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இலங்கையின் எழுத்தறிவு 87.2 சதவீதம், இது பத்து வயதும் அதற்கு மேற்பட்டோருக்குமுரியது. அதே ஆண்டில் இந்தியாவின் எழுத்தறிவு ஏழு வயதும் அதற்கு மேற்பட்டோருள் 43.6 சதவீதமாகவும், கைக்குழந்தைகள் உட்பட எல்லோரையும் சேர்த்துக் கணக்கிட்டால் 36.2 சதவீதமாகவும் காணப்பட்டது. ஒரே நாட்டில், ஒரே மதிப்பீட்டில், வரைவிலக்கணத்தை மாற்றியவுடன் ஏழு புள்ளிகள் மாறின. அன்றியும், அசாம் மாநிலத்தில் அவ்வாண்டு மதிப்பீடு நடைபெறவேயில்லை. எண்கள் வாயால் பேசுவதில்லை. அவற்றை எவ்வாறு எடுத்தனர் என்பதை அறிந்தே நாம் அவற்றின் பொருளைக் கொள்ளல் வேண்டும்.

மனித அபிவிருத்திச் சுட்டெண்

1990ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம் மனித அபிவிருத்திச் சுட்டெண்ணை அறிமுகப்படுத்தியது. பாகிஸ்தானியப் பொருளியலறிஞர் மஹ்பூப் உல் ஹக் இதற்குத் தலைமை தாங்கினார். அமர்த்தியா சென் துணைநின்றார். ஆயுள், கல்வி, வருமானம் ஆகிய மூன்றும் இதன் கூறுகள். மொறிஸ் விலக்கிய வருமானம் இங்கு மீண்டும் இடம்பெற்றதாயினும், அது மடக்கைக் கணக்கிற்கு உட்படுத்தப்பட்டே சேர்க்கப்படுகின்றது. ஆண்டு வருமானம் 1,000 டொலரிலிருந்து 2,000 ஆவதும், 20,000 டொலரிலிருந்து 40,000 ஆவதும் இக்கணக்கில் சமமான முன்னேற்றங்களே. வறியவர்க்குக் கிடைக்கும் ஒரு டொலர் செல்வர்க்குக் கிடைக்கும் ஒரு டொலரிலும் பெரிது என்னும் கருத்தே இதன் அடிப்படை.

2010ஆம் ஆண்டு வரை இம்மூன்று கூறுகளும் கூட்டிச் சராசரி காணப்பட்டன. அம்முறையில் ஒன்றிலுள்ள குறையை மற்றொன்றின் மிகுதி முற்றாக ஈடுசெய்யக்கூடும். அவ்வாண்டிலிருந்து பெருக்கல் இடை பயன்படுத்தப்படுகின்றது. ஒரு கூறு மிகத் தாழ்ந்திருப்பின் முழுச் சுட்டெண்ணும் அதனால் தாழும். கல்வியின்மையைச் செல்வம் எளிதில் மறைக்கவியலாது.

2025இல் வெளியான அறிக்கை 2023ஆம் ஆண்டிற்குரிய நிலையைத் தருகின்றது. அதன்படி 193 நாடுகளுள் இலங்கை 0.776 பெற்று 89ஆம் இடத்திலும், இந்தியா 0.685 பெற்று 130ஆம் இடத்திலும் உள்ளன. ஆயுள் எதிர்பார்ப்பு இந்தியாவில் 72 ஆண்டுகளாகவும் இலங்கையில் 77 ஆண்டுகளுக்கு மேலாகவும் காட்டப்பட்டுள்ளது. 1981ஆம் ஆண்டளவில் இவ்விடைவெளி ஏறத்தாழ 15 ஆண்டுகளாயிருந்தது. இப்போது 5 ஆண்டுகளளவாகக் குறைந்துள்ளது. இலங்கை முன்னிற்கின்றது என்பது உண்மை. இந்தியா விரைந்து அண்மிக்கின்றது என்பதும் அதே அளவிற்கு உண்மை.

வேறுபாட்டின் காரணங்கள்

இலங்கை எவ்வாறு முந்தியது? 1931ஆம் ஆண்டில் டொனமூர் அரசியல் யாப்பின்கீழ் இங்கு சர்வசன வாக்குரிமை வழங்கப்பட்டது. இந்திய மக்கள் அனைவரும் அவ்வுரிமையைப் பெற்றது 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் யாப்பின் வாயிலாகவே. வாக்குக் கேட்டுக் கிராமங்களுக்குச் சென்ற பிரதிநிதிகள் பாடசாலையும் மருத்துவமனையும் தருவதாகக் கூறவேண்டியவராயினர். 1926இல் களுத்துறையில் முதற் சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது. 1934–35இல் பரவிய மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பலிகொண்டதன் பின்னர், கிராமப்புற மருத்துவ வசதிகள் விரிவுபெற்றன. 1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1942இல் போர்க்கால ஏற்பாடாகத் தொடங்கிய பங்கீட்டரிசி, போர் முடிந்தபின்னரும் நீடித்தது. 1953இல் அதன் விலையை கொத்தொன்றிற்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது ஆகஸ்ட் 12ஆம் நாள் நாடு தழுவிய ஹர்த்தால் நிகழ்ந்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். வாக்குரிமையும் சோறும் எவ்வளவு நெருங்கிய தொடர்புடையன என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

1946இல் 1,000 பேருக்கு 20 என்னும் அளவிலிருந்த இறப்பு வீதம் அடுத்த ஆண்டே 14 அளவிற்கு வீழ்ந்தது. நுளம்பை ஒழிக்க டி.டி.ரி. தெளிக்கப்பட்டமையே இதற்குக் காரணம் என ஒரு சாராரும், மருத்துவ வசதியும் உணவு நிலையும் சீரடைந்தமையே முதன்மைக் காரணம் எனப் பிறிதொரு சாராரும் நெடுங்காலம் வாதிட்டனர். மலேரியா பரவாத பிரதேசங்களிலும் இறப்பு குறைந்தமை பின்னவர்க்குத் துணையாயிற்று. மலேரியாவைப் பொறுத்தவரை, 2016ஆம் ஆண்டில் உலக சுகாதார தாபனம் இலங்கையை அந்நோயற்ற நாடாக உறுதிப்படுத்தியது.

பெண்களின் நிலையும் நோக்கத்தக்கது. போதிய உணவும் மருத்துவமும் கிடைக்குமிடத்துப் பெண்கள் ஆண்களிலும் நீண்டகாலம் வாழ்தல் இயல்பு. இரு நாடுகளிலும் முற்காலத்தில் இவ்வியல்பு தலைகீழாயிருந்தது. இலங்கையில் 1960களின் தொடக்கத்திலும், இந்தியாவில் 1980களிலும் பெண்களின் ஆயுள் ஆண்களினதை மிஞ்சியது. இவ்விருபது ஆண்டு இடைவெளியில் மகப்பேற்று மனைகளும் மருத்துவமாதர் சேவையும் பெண்கல்வியும் அடங்கியுள்ளன.

இவ்விளக்கம் எதிர்ப்பின்றி ஏற்கப்படவில்லை. 1980களில் சுர்ஜித் பல்லா என்னும் பொருளியலறிஞர், ஒரு நாடு எங்கு நிற்கின்றது என்பதை விடுத்து, அது தொடங்கிய இடத்திலிருந்து எவ்வளவு தூரம் சென்றது என்பதையே நோக்கல் வேண்டுமென வாதிட்டார். 1960ஐத் தொடக்கமாகக் கொண்டால் இலங்கையின் முன்னேற்றம் அத்துணைச் சிறப்பானதன்று என்பது அவர் முடிபு. அமர்த்தியா சென் அதற்கு விடையிறுக்கையில், இலங்கையின் பொதுநலப் பணிகள் 1960இற்கு நெடுங்காலம் முன்பே தொடங்கி அதற்குள் பெரும்பயன் தந்துவிட்டன என்றும், ஓட்டத்தின் முற்பாதியை விலக்கிப் பிற்பாதியை மட்டும் அளத்தல் பொருந்தாது என்றும் காட்டினார். எவ்வாண்டிலிருந்து தொடங்குவது என்னும் தெரிவே முடிவினை மாற்றவல்லது என்பது இவ்விவாதம் தரும் பாடமாகும்.

ஒப்பிடும் அலகு எது?

இரண்டு கோடியளவு மக்கள் வாழும் தீவொன்றை 140 கோடி மக்கள் வாழும் பெருநாட்டுடன் ஒப்பிடல் தகுமா? உத்தரப் பிரதேசம் ஒன்றிலேயே 2011இல் இலங்கையைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு மக்கள் வாழ்ந்தனர். இந்தியா என்னும் சராசரியைக் கலைத்து நோக்கினால் வேறு காட்சி புலப்படும். 2020இல் இந்தியாவின் சிசு மரண வீதம் 28. மத்தியப் பிரதேசத்தில் அது 43, தமிழ்நாட்டில் 13, கேரளத்தில் 6. இலங்கையினது 6 அல்லது 7 எனக் கணக்கிடப்பட்டது. மகப்பேற்றின்போது இறக்கும் தாய்மாரின் தொகை 2018–20 காலப்பகுதியில், ஓரிலட்சம் பிறப்புகளுக்கு, அசாமில் 195 ஆகவும் கேரளத்தில் 19 ஆகவும் இருந்தது.

ஆகவே, கேரளத்துப் பெண்ணொருத்தி இலங்கைப் பெண்ணிலும் தாழ்ந்தவள் அல்லள். அசாம் பெண்ணோ கேரளப் பெண்ணிலும் பத்து மடங்கு இடருக்கு உள்ளாகின்றாள். நாட்டெல்லை வாழ்க்கைத் தரத்தின் எல்லையன்று. மக்களிடையேயுள்ள ஏற்றத்தாழ்வைக் கணக்கிற் கொண்டு திருத்தும்போது இந்தியாவின் மனித அபிவிருத்திச் சுட்டெண் ஏறத்தாழ 30 சதவீதம் குறைகின்றது என ஐக்கிய நாடுகள் அறிக்கையே கூறுகின்றது.

சராசரிக்குள் மறைந்தோர்

இந்தியாவின் சராசரியைக் கலைத்து நோக்கும் நாம், இலங்கையின் சராசரியைக் கலையாது விடுதல் முறையன்று. இங்கேயே இவ்வொப்பீட்டின் மிக முக்கியமான பகுதி தொடங்குகின்றது.

மலையகப் பெருந்தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழர், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தாலும் 1949ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தத்தாலும் குடியுரிமையையும் வாக்குரிமையையும் இழந்தனர். நாட்டின் ஏனைய பகுதிகளில் வாக்குரிமை பாடசாலையையும் மருத்துவமனையையும் கொணர்ந்த அதே காலத்தில், தேயிலை ஏற்றுமதியால் அரசிற்கு வருவாய் ஈட்டித் தந்தோர் அவ்வழியில் தம் தேவையை வலியுறுத்த இயலாதவராயினர். அவர்தம் கல்வியும் மருத்துவமும் தோட்ட நிருவாகங்களின் பொறுப்பிலேயே நெடுங்காலம் விடப்பட்டன. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களிலேயே.

இதன் விளைவை 1973–74 காலத்து உணவு நெருக்கடி வெளிப்படுத்தியது. 1974இல் நாட்டின் சிசு மரண வீதம் 51 அளவில் இருக்க, தோட்டங்களில் அது 100ஐத் தாண்டியது. மொறிஸ் வியந்து நோக்கிய இலங்கை அதே காலத்து இலங்கையே. அவர் அட்டவணையில் அது ஒரே எண். மெய்யில் அதனுள் இரு நாடுகள் இருந்தன.

1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதெனத் தீர்மானித்தது. எஞ்சிய 150,000 பேர் பற்றி 1974இல் உடன்பாடு காணப்பட்டது. தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கிய குடும்பங்கள், இரு நாடுகளின் வாழ்க்கைத் தரத்தையும் தம் உடலாலேயே ஒப்பிட்டறிந்தன. அவருட் பலர் நீலகிரியின் கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளில், தமிழ்நாடு அரசு இவர்களுக்கென உருவாக்கிய தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்து பறித்தனர். ஆயுள் எதிர்பார்ப்பு மிகுந்த நாட்டிலிருந்து குறைந்த நாட்டிற்கு அவர்கள் சென்றனர் என்றே புள்ளிவிபரம் கூறும். ஆனால் முன்னைய நாட்டின் சராசரி அவர்களுடையதாக என்றும் இருந்ததில்லை. அந்நாட்டில் இல்லாதிருந்த வாக்குரிமை பின்னைய நாட்டில் கிடைத்தது. அதை எச்சுட்டெண்ணும் அளக்கவில்லை.

இலங்கையில் தங்கியோரின் குடியுரிமைப் பிரச்சினை 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களாலேயே முடிவிற்கு வந்தது. அதன்பின் முன்னேற்றம் உண்டு, இடைவெளி மறையவில்லை. 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளுள் வயதிற்கேற்ற உயரமற்றோர் நாட்டளவில் 17 சதவீதம். தோட்டங்களில் 32 சதவீதம். இந்தியாவில் 2019–21 ஆய்வின்படி இது 35.5 சதவீதம்; தமிழ்நாட்டில் 25 சதவீதம். இலங்கைக் குழந்தையின் சராசரி நிலை தமிழ்நாட்டுக் குழந்தையினதிலும் மேலானது. மலையகக் குழந்தையின் நிலையோ தமிழ்நாட்டுச் சராசரியிலும் கீழானது. ஒரு தொகுதியினரை ஒரு மாநிலம் முழுவதுடன் ஒப்பிடல் முற்றும் நேரியதன்று என்பதை நாம் அறிவோம். எனினும் ‘இலங்கை மேல்’ என்னும் கூற்று யாருக்குப் பொருந்தும் என்னும் வினாவை இவ்வெண்கள் எழுப்பாமல் விடா. 2019இல் நாட்டளவில் 14.3 சதவீதமாயிருந்த வறுமை தோட்டப்புறத்தில் 33.8 சதவீதமாயிருந்தது.

மற்றொரு மறைவும் உண்டு. 1981இற்குப் பின் இத்தீவு முழுவதையும் உள்ளடக்கிய குடிசன மதிப்பு 2012ஆம் ஆண்டிலேயே நடைபெற்றது. 2001இல் 25 மாவட்டங்களுள் 18இல் மட்டுமே அது நிறைவுற்றது. 1987, 1993 ஆகிய ஆண்டுகளின் குடித்தொகை, சுகாதார ஆய்வுகள் வடக்கு, கிழக்கு மாகாணங்களை விடுத்தே நடத்தப்பட்டன. போரின் கொடுமையை மிகுதியாக அனுபவித்த மாவட்டங்கள் கணக்கெடுப்பிற்குப் புறம்பாக இருந்த காலத்தில், இலங்கையின் வாழ்க்கைத் தரம் என வெளியான எண்கள் பல அம்மக்களை நீக்கிய எஞ்சியோருக்குரியவையே. தோட்டத்தவர் சராசரிக்குள் மறைந்தனர். இவர்கள் சராசரிக்கு வெளியே நிறுத்தப்பட்டனர்.

மெதுவாக அசையும் எண்கள்

2022ஆம் ஆண்டு ஏப்பிரல் 12ஆம் நாள் இலங்கை தன் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை இடைநிறுத்தியது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பின் நுகர்வோர் விலைகள் முன்னைய ஆண்டிலும் 69.8 சதவீதம் உயர்ந்து நின்றன. உணவு விலைகள் ஏறத்தாழ இரட்டித்தன. எரிபொருளுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். நாளொன்றிற்கு மூவேளை உண்டோர் இருவேளையாகக் குறைத்தனர். ஆயினும் 2021ஆம் ஆண்டிற்கு 0.782 என அறிவிக்கப்பட்டிருந்த மனித அபிவிருத்திச் சுட்டெண், 2022ஆம் ஆண்டிற்கு 0.780 எனவே அறிவிக்கப்பட்டது.

இது கணக்கின் பிழையன்று, அதன் இயல்பு. வளர்ந்தோர் பெற்ற கல்வி ஓராண்டில் அழிவதில்லை. ஆயுள் எதிர்பார்ப்பும் ஓராண்டுப் பசியால் உடனே வீழ்வதில்லை. பல்லாண்டு சேமித்த நெற்குதிரின் உயரத்தை அளப்பவர், இன்று அடுப்பு எரிந்ததா என்பதை அறியார். இச்சுட்டெண்கள் ஒரு தலைமுறையின் ஈட்டத்தை அளப்பன. ஓராண்டின் துயரை அளக்க வேறு கருவிகள் வேண்டும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. வருமானம் மட்டும் வாழ்க்கையின் அளவாகாது என்பதற்கு இலங்கையின் வரலாறு வலிய சான்றாகும். வறிய நாடொன்றும் தன் குழந்தைகளைச் சாவிலிருந்து காக்கவும் எழுத்தறிவிக்கவும் கூடும். அவ்வாறு காத்தது தற்செயலன்று. வாக்குரிமை பெற்ற மக்களின் கோரிக்கையும் அதற்கு இணங்கிய அரசின் செலவும் சேர்ந்த விளைவு அது. அவ்வுண்மையின் மறுபக்கமே மலையகத்தின் வரலாறு. வாக்குரிமை பறிக்கப்பட்டவரிடம் அந்நலங்கள் கடைசியாகவும் குறைவாகவுமே சென்றடைந்தன.

ஆகவே, இரு நாடுகளின் வாழ்க்கைத் தரத்தை ஒப்பிட முற்படுவோர் நான்கு வினாக்களை எழுப்புதல் நன்று. எது அளக்கப்பட்டது? எவ்வாண்டிலிருந்து அளக்கப்பட்டது? யாருடைய சராசரி அது? கணக்கெடுப்பிற்கு வெளியே நின்றோர் யாவர்? இவற்றுள் இறுதி இரண்டும் பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. கேட்கப்படாதவரை, நாடுகளின் வரிசையில் மேலே நிற்கும் பெருமை, அவ்வரிசையில் இடம்பெறாதோரின் செலவில் பெற்ற பெருமையாகவே அமையும்.

இலங்கை இந்தியாவிலும் மேலானதா என்னும் வினாவிற்கு, சராசரியால் நோக்குமிடத்து ஆம் என நாம் விடை கூறலாம். ஆனால் அவ்விடை லயன் அறையில் பிறக்கும் குழந்தைக்கும் பொருந்தும் நாளிலேயே முழுமை பெறும்.